ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு குட்டி இயங்குதளம்: எழுதுவோம், அப்புறம் ஆம்ஸ்ட்ராடுக்கும் கொண்டுபோவோம்

இந்தப் பதிவின்படி செய்து முடித்தால் உங்கள் கையில் இருக்கப்போவது இதுதான்: 1982ல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினியில் நான்கு டாஸ்க்குகளை (தனித்தனி வேலைகளை) மாற்றி மாற்றி ஓட்டும் ஒரு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அதே கெர்னல், ஒரு வரிகூட மாறாமல், 1984ல் வந்த ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464லும் ஓடும். கோப்பு அமைப்பு கிடையாது, ஜன்னல்கள் கிடையாது. எழுத்துரு, ஸ்டாக், அட்டவணை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புரோகிராமை மட்டும் பார்த்தால் அரை கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இசட்80 அசெம்பிளியில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும். எல்டி, புஷ், பாப், கால், ரெட் என்ன செய்யும் என்று தெரிந்தால் தாராளம். முகவரிகளை எல்லாம் தசம எண்ணிலேயே தருகிறேன். ஸ்பெக்ட்ரம் ஆட்கள் 16384, 32768 என்று தசமத்திலேயே பேசிப் பழகியவர்கள். பேசிக்கில் தட்டிப் பார்க்கவும் அதுதான் வசதி.

ஏன் இந்த இரண்டு கணினி?

இரண்டிலும் இருப்பது ஒரே செயலி, ஜைலாக் இசட்80. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் எல்லாமே வேறு. திரை நினைவகம் வேறு இடத்தில், வேறு அமைப்பில் இருக்கிறது. இன்டரப்ட் (செயலி செய்துகொண்டிருப்பதை நிறுத்தி வேறொன்றைச் செய்யவைக்கும் சமிக்ஞை) வரும் வேகம் வேறு. கீபோர்டைப் படிக்கும் முறையில் சம்பந்தமே இல்லை. செயலி ஒன்றே என்பதால் புதிய கட்டளைகளைக் கற்கத் தேவையில்லை. கணினிக்குக் கணினி எது மாறுகிறது என்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். 6502 குடும்பத்துச் செயலியான 6510 உள்ள கொமடோர் 64க்கு முதல் தடவையே தாவினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். போர்ட்டிங்கில், அதாவது ஒரு கணினிக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில், எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

இது புது யோசனையும் இல்லை. கேரி கில்டால் 1974ல் எழுதிய சிபி/எம், பல கம்பெனிகளின் கணினிகளில் ஓடியதற்குக் காரணமே இந்தப் பிரிவினைதான். வன்பொருளைத் தொடும் பகுதி முழுக்க பயாஸ் என்று தனியாக நின்றது. சிபி/எம் 2.2ல் அதன் வாசல் 17 ஜம்ப் கட்டளைகள் கொண்ட ஒரு பட்டியல். புதுக் கணினி வந்தால் அந்த 17க்குப் பின்னால் இருப்பதை மட்டும் எழுதினால் போதும். இன்று சிபிசி, எம்எஸ்எக்ஸ், பிசிடபிள்யூ என்று பல இசட்80 கணினிகளில் ஓடும் சிம்பாஸ் போன்ற ஆர்வலர் இயங்குதளங்களையும் பாருங்கள். அங்கேயும் கணினிக்குக் கணினி மாறும் பகுதி தனியாகத்தான் இருக்கும்.

நமக்கு 17 வேண்டாம், நான்கு போதும்.

கருவிகள்

அசெம்பிளருக்கு எஸ்ஜாஸ்ம்ப்ளஸ். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், எமுலேட்டரில் நேராகத் திறக்கும் ஸ்னாப்ஷாட் கோப்பையும் எழுதித் தரும். ஸ்பெக்ட்ரம் எமுலேட்டருக்கு ஃப்யூஸ், சிபிசிக்கு வின்ஏப் அல்லது கேப்ரைஸ்32. எமுலேட்டரில் டீபக்கர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண் சிரமம்.

நிஜக் கணினி கைவசம் இருந்தால் கடைசியில் டேப் உள்ளீட்டு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை எமுலேட்டரே போதும்.

நினைவக வரைபடம்: முதல் முடிவு

ஸ்பெக்ட்ரத்தில் 0 முதல் 16383 வரை ராம் கிடையாது, ரோம். 16384லிருந்து 6144 பைட் திரை, அதற்குப் பின்னால் 22528லிருந்து 768 பைட் நிறம். 32767 வரை உள்ள ராமை வீடியோ சிப்பும் பகிர்ந்துகொள்வதால், திரை வரையப்படும் நேரத்தில் செயலி அங்கே காத்திருக்க நேரும். அதனால் கெர்னலை 32768க்கு மேல் வையுங்கள்.

சிபிசியில் 64 கே முழுக்க ராம், ஆனால் 49152லிருந்து கடைசி வரை திரை. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது 32768 முதல் 49151 வரை உள்ள 16 கே. கெர்னல் 32768ல். நான்கு டாஸ்க்குகளின் ஸ்டாக்குகளும் தலா 128 பைட்டாக 40960லிருந்து. இன்னும் மேலே தள்ளி வைக்கத் தோன்றும், வேண்டாம். சிபிசியின் ஃபர்ம்வேர் (அதன் ரோமிலேயே வரும் மென்பொருள்) தன் மாறிகளையும் ஸ்டாக்கையும் 49152க்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறது. தொடங்கும்போது அதை ஒருமுறை கூப்பிடப் போகிறோம். அதற்கு முன்பே அதன் இடத்தை அழித்துவிடக் கூடாது.

நான்கு வாசல்

இரண்டு கோப்புகளைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்று கெர்னல், இன்னொன்று இயந்திரக் கோப்பு. இயந்திரக் கோப்பின் தொடக்கத்தில், 32768ல், நான்கு ஜேபி (தாவும்) கட்டளைகள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் முகவரிகள் 32768, 32771, 32774, 32777 என்று அமையும். முதலாவது கணினியைத் தயார்செய்துவிட்டுக் கெர்னலுக்குத் தாவும். இரண்டாவது, கொடுத்த வரிசையில் கொடுத்த நிரலில் (நெடுவரிசையில்) ஓர் எழுத்தை வரையும். மூன்றாவது ஒரு விசையைப் படித்துத் தரும். நான்காவது, திரையில் எத்தனை வரிசை, எத்தனை நிரல் என்று சொல்லும்.

நான்காவது எதற்கு என்று தோன்றலாம். ஸ்பெக்ட்ரம் திரை 24 வரிசை, 32 நிரல். சிபிசியில் நாம் எடுக்கப்போவது 25க்கு 80. கெர்னலுக்குள் எங்காவது 32 என்று எழுதிவிட்டால், போர்ட் செய்யும் நாளில் அதைத் தேடிப்பிடிப்பது பெரும் பாடு.

ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: கெர்னல் கோப்பில் இன் கட்டளையோ அவுட் கட்டளையோ (போர்ட் என்ற எண்ணிட்ட வழிகளில் வன்பொருளோடு பேசுபவை) வரக்கூடாது, 16384 மாதிரி எந்தத் திரை முகவரியும் வரக்கூடாது. எடிட்டரில் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்தில் ஓர் எழுத்து

எதற்கும் முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ ரெஜிஸ்டரில் 2 போட்டு 254ஆம் போர்ட்டுக்கு அவுட் செய்து, அதே இடத்தில் முடிவில்லாமல் சுற்றவிடுங்கள். திரையைச் சுற்றியுள்ள பார்டர் சிவந்தால் அசெம்பிளரும் எமுலேட்டரும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

அடுத்தது எழுத்து. ஸ்பெக்ட்ரம் திரையின் முகவரி அமைப்பு முதலில் தலை சுற்றவைக்கும், ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. திரை மூன்று பட்டைகளாகப் பிரிந்திருக்கும், ஒரு பட்டைக்கு 8 வரிசை. வரிசையை 8ஆல் வகுத்த ஈவை 2048ஆல் பெருக்குங்கள், மீதியை 32ஆல் பெருக்குங்கள், நிரலையும் 16384ஐயும் கூட்டுங்கள். எழுத்தின் முதல் பிக்சல் வரியின் முகவரி கிடைத்துவிடும். அடுத்த பிக்சல் வரி சரியாக 256 பைட் தள்ளி இருக்கிறது. அதாவது எச்எல்லில் முகவரி இருந்தால், எச்சை ஒன்று கூட்டினால் போதும். எட்டு முறை: எழுத்துருவிலிருந்து ஒரு பைட், திரையில் ஒரு பைட், எச்சை ஒன்று கூட்டு.

எழுத்துரு ரோமிலேயே 15616ல் இருக்கிறது. இடைவெளிக் குறியில் தொடங்கி 96 எழுத்து, ஒன்றுக்கு 8 பைட். எழுத்தின் எண்ணை 8ஆல் பெருக்கி 15360ஐக் கூட்டினால் நேராக அந்த எழுத்தின் முதல் பைட்டுக்குப் போய்விடலாம். சிபிசியில் இந்த ரோம் இருக்காது என்பதால், நீங்களே 768 பைட்டில் ஓர் எழுத்துரு வரைந்து இயந்திரக் கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது. ஒரு மாலை நேரம் பிடிக்கும், ஆனால் ஜாலியான வேலை.

இன்டரப்ட்

இங்கேதான் இயங்குதளம் தொடங்குகிறது. ஸ்பெக்ட்ரத்தின் வீடியோ சிப் நொடிக்கு 50 முறை செயலியைத் தட்டும். சாதாரணமாக இசட்80 அப்போது முகவரி 56க்குத் தாவும். ஸ்பெக்ட்ரத்தில் 56 ரோமுக்குள் இருக்கிறது, நம்மால் தொட முடியாது. (48கே ஸ்பெக்ட்ரத்தில் வழக்கமான சிபி/எம் ஓடாததற்கும் இதே கதைதான். அதன் புரோகிராம்கள் 256லிருந்து ஏற்றப்பட வேண்டும், அங்கே ரோம் உட்கார்ந்திருக்கிறது.)

ஆகவே இன்டரப்ட் முறை 2. இதில் செயலி, ஐ ரெஜிஸ்டரை மேல் பைட்டாகவும் அந்த நொடியில் டேட்டா பஸ்ஸில் இருக்கும் மதிப்பைக் கீழ் பைட்டாகவும் வைத்து ஒரு முகவரியை உருவாக்கி, அங்கே இருக்கும் 2 பைட்டைப் படித்து அந்த இடத்துக்குத் தாவும். பஸ்ஸில் பெரும்பாலும் 255 இருக்கும், ஆனால் பின்னால் ஏதாவது செருகியிருந்தால் மாறலாம். அதனால் எந்த மதிப்பு வந்தாலும் ஒரே இடத்துக்குப் போகிற மாதிரி அட்டவணை கட்டுகிறோம்.

ஐயில் 254 வையுங்கள். 65024லிருந்து 65280 வரை 257 பைட்டையும் 253 என்று நிரப்புங்கள். 256 போதாதா? பஸ் மதிப்பு 255ஆக இருந்தால் 65279ஐயும் அதற்கு அடுத்த பைட்டையும் படிக்கும், அதனால்தான் ஒன்று கூடுதல். எங்கிருந்து படித்தாலும் கிடைப்பது 253, 253. 253ஐ 256ஆல் பெருக்கி 253ஐக் கூட்டினால் 65021. அங்கே நம் ஹாண்ட்லருக்கு (இன்டரப்ட் வந்தால் ஓடும் பகுதிக்கு) தாவும் ஒரு ஜேபி வைக்கிறோம். 65021, 65022, 65023 என்று மூன்று பைட், அட்டவணை தொடங்கும் 65024க்கு முன்னால் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

ஐயில் 64 முதல் 127 வரை எதையும் வைக்காதீர்கள். வீடியோ சிப்போடு மோதி திரை முழுக்கப் பனி பெய்யும்.

டாஸ்க் மாற்றுவது

ஒரு டாஸ்க்கின் முழு நிலையும் அதன் ரெஜிஸ்டர்களும் ஸ்டாக்கும்தான். இன்டரப்ட் வந்ததும் செயலி திரும்பும் முகவரியைத் தானே ஸ்டாக்கில் தள்ளிவிடும். ஹாண்ட்லர் மற்றதைத் தள்ள வேண்டும்: ஏஎஃப், பிசி, டிஈ, எச்எல், ஐஎக்ஸ், ஐஒய். பிறகு ஈஎக்ஸ் ஏஎஃப், ஈஎக்ஸ்எக்ஸ் என்ற இரண்டு கட்டளைகளால் மாற்று ரெஜிஸ்டர்களுக்குப் போய் மறுபடி ஏஎஃப், பிசி, டிஈ, எச்எல். மொத்தம் 10 ஜோடி, 20 பைட்.

இப்போது எஸ்பியை அந்த டாஸ்க்கின் இடத்தில் எழுதி வையுங்கள். அடுத்த டாஸ்க்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். நான்கு டாஸ்க் என்றால் ஒன்று கூட்டி 3ஓடு ஆண்ட் செய்தால் தானாகச் சுழலும். அதன் எஸ்பியை ஏற்றுங்கள். தள்ளியதற்கு நேர் எதிர் வரிசையில் பத்தையும் எடுங்கள். ஈஐ (இன்டரப்டைத் திறக்கும் கட்டளை), ரெட். அவ்வளவுதான், வேறொரு டாஸ்க்குக்குள் இருப்பீர்கள்.

ஈஐ கட்டளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்கு அடுத்த கட்டளை முடிந்த பிறகுதான் இன்டரப்ட் திறக்கும். அதனால் ரெட் முடிவதற்குள் இன்னொரு இன்டரப்ட் நடுவில் நுழையாது.

ஓடவே தொடங்காத டாஸ்க்கை எப்படி முதல் தடவை கிளப்புவது? அது ஏற்கெனவே ஓடி நடுவில் நிறுத்தப்பட்டது போல ஒரு பொய் ஸ்டாக்கைக் கட்டிவிடுவோம். 128 பைட்டின் உச்சியில் டாஸ்க் முடிந்தால் போக வேண்டிய இடத்தின் முகவரி, அதற்குக் கீழே டாஸ்க்கின் தொடக்க முகவரி, அதற்கும் கீழே 20 பைட் பூஜ்யம். உச்சியிலிருந்து 24ஐக் கழித்து அதை எஸ்பி என்று எழுதி வையுங்கள். நான்குக்கும் இப்படிச் செய்துவிட்டு, முதல் டாஸ்க்கின் எஸ்பியை ஏற்றி, ஹாண்ட்லரின் பின்பாதிக்கு, அதாவது ரெஜிஸ்டர்களை எடுக்கத் தொடங்கும் இடத்துக்கு, நேராகத் தாவுங்கள். கிளப்புவதற்கென்று தனியாக ஒரு புரோகிராமே வேண்டாம். இந்தக் கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உச்சியில் அந்த முடிவு முகவரியை வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? டாஸ்க் ரெட் சொல்லும்போது ஸ்டாக்கைத் தாண்டி எதையோ எடுக்கும். அது பூஜ்யமாக இருந்தால் முகவரி 0க்குப் போய், திரை கறுத்து, 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற காப்புரிமை வரி வந்து நிற்கும். ஸ்பெக்ட்ரத்தில் காரணமே இல்லாமல் அந்த வரி வந்தால் முதலில் ஸ்டாக்கைச் சந்தேகப்படுங்கள்.

சோதனைக்கு நான்கு டாஸ்க்கும் திரையின் நான்கு மூலைகளில் 0 முதல் 9 வரை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். நான்கும் சேர்ந்து ஓடினால் கெர்னல் பிழைத்துவிட்டது.

இதற்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஹாண்ட்லர் தொடங்கும்போது பார்டரைச் சிவப்பாக்கி, முடியும்போது கறுப்பாக்குவது பழைய விளையாட்டு நிரலாளர்களின் வழக்கம். ஆனால் இதை அப்படியே செய்தால் சிவப்பு எதுவும் தெரியாது. இன்டரப்ட் வருவது திரைக்கதிர் மேலே திரும்பும் நேரத்தில். எழுத்துப் பகுதியின் முதல் வரிக்கு இன்னும் 64 வரி இருக்கிறது. ஒரு வரிக்கு 224 டி-ஸ்டேட் (செயலிக் கடிகாரத்தின் துடிப்பு). நம் வேலையோ சில நூறு டி-ஸ்டேட்தான், மேல் பார்டர் கண்ணில் படுவதற்கு முன்பே முடிந்துவிடும். எனவே சோதனைக்காக மட்டும், ரெஜிஸ்டர்களைத் தள்ளி முடித்ததும் 256 முறை சுற்றும் டிஜேஎன்இசட் சுற்று மூன்றைச் சேருங்கள். கிட்டத்தட்ட 10000 டி-ஸ்டேட், அதாவது 44 வரி கடக்கும். அதற்குப் பிறகு சிவப்பாக்கினால் மேல் பார்டரில் மெல்லிய ஒரு கோடு தெரியும். ஒரு ஃபிரேமில் மொத்தம் 69888 டி-ஸ்டேட். அதில் அந்தக் கோடுதான் நம் இயங்குதளத்தின் செலவில் பெரும்பகுதி. பார்த்துவிட்டுச் சுற்றுகளை எடுத்துவிடுங்கள்.

ஒரு டாஸ்க்குக்கு வேலை இல்லையென்றால் மிச்ச நேரத்தை விட்டுக்கொடுக்கும் வழியும் எளிது: டிஐ (இன்டரப்டை மூடும் கட்டளை), பிறகு ஹாண்ட்லரையே கால் செய். காலும் இன்டரப்டைப் போலத் திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் தள்ளுவதால் ஹாண்ட்லருக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. எழுத்து வரையும் புரோகிராம் தன் இடைக்கணக்கை நிலையான நினைவக முகவரியில் வைத்தால், நடுவில் டாஸ்க் மாறும்போது இன்னொரு டாஸ்க் அதை மிதித்துவிடும். மூலையில் வரவேண்டிய எண் திரை நடுவே குதிக்கும், அதுவும் எப்போதாவது ஒருமுறை மட்டும். ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கையும் மட்டுமே வைத்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

கீபோர்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரத்தில் 8 அரை வரிசை, ஒன்றுக்கு 5 விசை. போர்ட் முகவரியின் மேல் பைட்டில் 254, 253, 251, 247, 239, 223, 191, 127 என்று வைத்து 254ஆம் போர்ட்டைப் படித்தால் கீழ் 5 பிட்டில் விடை வரும். அழுத்தியிருந்தால் 0.

ஆம்ஸ்ட்ராடுக்கு

இப்போது இயந்திரக் கோப்பை மட்டும் நகலெடுத்து, உள்ளே இருப்பதைக் காலி செய்யுங்கள். கெர்னல் கோப்பைத் தொடாதீர்கள்.

முதல் வாசல், தயார்செய்வது. ஏயில் 2 போட்டு 48142ஐக் கால் செய்யுங்கள். அது ஃபர்ம்வேரின் திரை முறை மாற்றும் புரோகிராம். முறை 2, அதாவது 640க்கு 200, இரண்டு நிறம். கேட் அரேயிடம் (திரை முறை, ரோம், இன்டரப்ட் எல்லாவற்றையும் கவனிக்கும் சிபிசி சிப்) நேரடியாகவே முறையை மாற்றிக்கொள்ளலாமே என்றால், ஃபர்ம்வேர் திரையை உருட்டும்போது திரையின் தொடக்க முகவரியை நகர்த்திவிடுகிறது. இந்த அழைப்பு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, திரையையும் துடைத்துத் தரும்.

பிறகு டிஐ. பிசி ரெஜிஸ்டர் ஜோடியில் 32654 வைத்து, பிசியின் சி பைட்டை அந்தப் போர்ட்டுக்கே அவுட் செய்யுங்கள். 127 என்ற மேல் பைட் கேட் அரேயைக் குறிக்கும். 142 என்ற கீழ் பைட் மேல் ரோம், கீழ் ரோம் இரண்டையும் மூடி முறை 2ஐ வைத்திருக்கும். இப்போது முகவரி 56ல் இருப்பது ராம். அங்கே 195, அதற்குப் பின் நம் புரோகிராமின் முகவரி. 195 என்பது ஜேபியின் எண். இன்டரப்ட் முறை 1 போதும், 257 பைட் அட்டவணைக்கு வேலையே இல்லை.

சிபிசியில் போர்ட் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். இங்கே எந்தச் சிப் என்று முடிவுசெய்வது போர்ட் எண்ணின் மேல் பைட். அது பி ரெஜிஸ்டரிலிருந்து போகிறது. ஸ்பெக்ட்ரத்தில் பழகிய கையோடு பியைக் கவனிக்காமல் விட்டால் வேறு ஏதாவது சிப் பதில் சொல்லும்.

அடுத்து இன்டரப்ட் வேகம். கேட் அரே 52 திரை வரிக்கு ஒருமுறை தட்டும், நொடிக்கு 300. கெர்னல் எதிர்பார்ப்பது 50. ஆறில் ஒன்றை மட்டும் உள்ளே விட வேண்டும். ஏஎஃப், எச்எல் இரண்டை மட்டும் தள்ளி, ஓர் எண்ணியைக் குறைத்து, பூஜ்யம் ஆகவில்லையென்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஈஐ, ரெட். ஆகிவிட்டால் எண்ணியை மறுபடி 6 ஆக்கி, இரண்டையும் எடுத்துவிட்டு, கெர்னலின் ஹாண்ட்லருக்கு ஜேபி. கால் இல்லை, ஜேபி. இல்லாவிட்டால் ஸ்டாக்கில் 2 பைட் கூடிப்போகும். இந்த வடிகட்டி இயந்திரக் கோப்பில்தான் இருக்க வேண்டும். கெர்னலுக்குள் போட்டால், நேரத்தை விட்டுக்கொடுக்கும் டாஸ்க்கின் அழைப்பும் ஆறில் ஐந்து முறை வீணாகும்.

எழுத்து வரைவதில்தான் பலன் தெரியும். முறை 2ல் ஒரு பைட் என்றால் 8 பிக்சல், ஸ்பெக்ட்ரம் போலவே. அதே எழுத்துரு அப்படியே செல்லும். வரிசையை 80ஆல் பெருக்கி, நிரலையும் 49152ஐயும் கூட்டினால் முதல் பிக்சல் வரி. 80ஆல் பெருக்க, 64 மடங்கையும் 16 மடங்கையும் கூட்டுங்கள். அடுத்த பிக்சல் வரி 2048 பைட் தள்ளி. ஸ்பெக்ட்ரத்தில் எச்சை 1 கூட்டிய இடத்தில் இங்கே 8 கூட்ட வேண்டும். உள்சுற்றில் மாறுவது இவ்வளவுதான்.

கீபோர்டு மட்டும் இழுக்கும். சிபிசியில் அது ஒலிச் சிப்பின் 14ஆம் ரெஜிஸ்டர் வழியாகவும், அந்தச் சிப் 8255 என்ற உள்ளீட்டு-வெளியீட்டுச் சிப் வழியாகவும் இணைந்திருக்கிறது. மேல் பைட்டை மட்டும் சொல்கிறேன்: 244க்கு 14, 246க்கு 192, 246க்கு 0, 247க்கு 146, 246க்கு 64ஓடு வரிசை எண்ணைக் கூட்டியது. இப்போது 244ஐப் படித்தால் அந்த வரிசையின் 8 விசை. முடிந்ததும் 247க்கு 130, 246க்கு 0. இப்படி 10 வரிசை. நடுவில் டாஸ்க் மாறினால் குழம்பிவிடும், அதனால் இந்தப் பகுதியைச் சுற்றி மட்டும் டிஐ, ஈஐ போட்டுக்கொள்ளுங்கள்.

பேசிக்கிலிருந்து ஏற்றுவதானால் மெமரி 32767 என்று இடம் ஒதுக்கி, கோப்பை 32768ல் ஏற்றி, கால் 32768. ஸ்பெக்ட்ரத்தில் அதுவே கிளியர் 32767, ரேண்டமைஸ் யூஸ்ஆர் 32768.

நான்கு மூலையிலும் எண்கள் ஓடுகின்றனவா? மூலைகள் எங்கே என்று கெர்னல் நான்காவது வாசலிடம் கேட்டிருந்தால் 80ஆம் நிரலில் சரியாக நிற்கும். 32ஆம் நிரலிலேயே நின்றுவிட்டால், கெர்னல் கோப்பில் இன்னும் ஒரு 31 ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது கணினி வேண்டுமென்றால் எம்எஸ்எக்ஸ் எடுங்கள். அங்கே திரை செயலியின் முகவரிப் பரப்பிலேயே இல்லை. வீடியோ சிப்புக்கென்று தனி 16 கே, 152, 153 என்ற போர்ட்கள் வழியாகத்தான் எழுத வேண்டும். முகவரியை அனுப்புவது இரண்டு அவுட், நடுவில் டாஸ்க் மாறினால் எழுத்து தவறான இடத்தில் விழும். அதனால் டிஐயும் ஈஐயும் இந்தத் தடவை எழுத்து வரையும் வாசலுக்குள்ளேயே வந்துவிடும். 32 கே அல்லது அதற்கு மேல் ராம் உள்ள எம்எஸ்எக்ஸ் என்றால் 32768லிருந்து ராம் அங்கேயும் இருக்கிறது, கெர்னலை அதே முகவரியில் வைத்துக்கொள்ளலாம்.